ஐஸ் பெட்டிக்கு அளவு

"தாத்தா, மூடி கண்ணாடியில இருந்தா உங்களுக்குப் புடிக்குமா, ஃபைபர்ல இருந்தா புடிக்குமா?"

"செத்தவனுக்குப் புடிச்சா இன்னா, புடிக்காட்டி இன்னா? கண்ணைத் தொறந்து பாக்கவா போறான்?" என்றார் முனிரத்தினம், வெடுக்கென்று.

நகரிக்குப் பக்கத்து ஊர் அது. காலையில் காரில் வந்து இறங்கிய பிரியங்கா, பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி செய்கிற திருப்பதி கம்பெனி ஒன்றில் தரப் பிரிவில் வேலை என்றாள். முன்பெல்லாம் செய்து முடித்துவிட்டு விற்பார்களாம். இப்போது ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்வார்களாம். ஜப்பான்காரன் முறையாம்.

ஓட்டு கேட்டு வந்தவன், உரம் விற்க வந்தவன், சீட்டுக் கம்பெனிக்காரன் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவர் முனிரத்தினம். 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்டுக்கொண்டு வருகிறவன், போகும்போது வெறுங்கையோடு போனதில்லை.

"உன் நோட்டுல அது இன்னாம்மா படம், வீடாட்டம்?"

"தர வீடுன்னு பேரு தாத்தா. கஸ்டமர் கேக்கறதெல்லாம் இந்தப் பக்கம் எழுதுவோம். அதுக்கு நாங்க இன்னா செய்யணும்ங்கறது மேல. அதுக்கும் மேல கூரை."

"கூரையே போட்டுட்டீங்களா? பட்டா யார் பேர்ல?"

குடத்தோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சுந்தரம்மா நின்று சிரித்தாள். "பட்டா கெடக்கட்டும் மாமா. கங்கம்மா ஜாத்திரைக்கு உன் புள்ள வரானா இல்லியா? கடா வேற கட்டி வெச்சுக்கினு கீறியே!"

"வராம? எப்படா வருவன்னு போன்ல கேட்டேன். 'கண்டிப்பா வரேன் நைனா, தேதிதான் என் கையில இல்ல'ன்னான். குவைத்துல லீவு குடுக்கறது ஷேக்கு. அவன் வாயைத் தொறக்கணும்ல?"

"நாலு வருஷமா அந்த ஷேக்குக்கு வாயே தொறக்கலியா?"

குடத்தைத் தளும்பவிட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். முனிரத்தினத்துக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. மகன் வந்தே தீருவான் என்று டீக்கடையில் வம்படியாகச் சவாலும் விட்டாகிவிட்டது. இந்த ஜாத்திரைக்கும் தேவேந்திரன் வராவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது.

"தாத்தா, இந்தக் கட்டில்ல கொஞ்சம் படுக்கறீங்களா? அளவு எடுக்கணும்."

"எதிர் வீட்டுப் பாலையா என்னைவிட ஒசரம். அவனை அளக்கறது? ஊர்ல இத்தினி கெழம் இருக்கச் சொல்ல, நேரா என் வீட்டுக்கே வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டியே, அது எப்படி?"

"சாம்பிள் தாத்தா" என்றாள் பிரியங்கா, ஆட்டுக்கடாவைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா எடுத்தீங்க சாம்பிளு."

முணுமுணுத்துக்கொண்டே நைலான் கட்டிலில் மல்லாந்தார். தலையிலிருந்து கால்வரை டேப் ஓடியது.

"தோள் இடிக்காம இருக்கணும்ல தாத்தா?"

"இடிச்சா மட்டும் எழுந்து வந்து கம்ப்ளெயின்ட் குடுப்பனா?"

"சரி, பெட்டி எத்தனை நாள் தாங்கணும்?"

முனிரத்தினம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அதுவரை இருந்த நக்கல் குரலில் இல்லை.

"ஒரு ராத்திரி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் குளிரக் கூடாது."

பிரியங்காவின் பேனா நின்றது. "இன்னா தாத்தா இது? நெறைய நாள் தாங்கறதுதான தரம்?"

"யாருக்குத் தரம்? என் பொண்டாட்டி பொன்னியம்மா செத்துப் பூட்டப்ப புத்தூர்ல இருந்து வாடகைப் பெட்டி வந்துது. 'பெட்டிதான் இருக்குதே நைனா, டிக்கெட்டு விலை எறங்கட்டும், வரேன்'னான் என் புள்ள. மூணு நாளு! அவ வெறச்சுக்கினு கெடக்கறா, வந்தவங்களுக்குக் காப்பி ஊத்தி மாளல. நாறிப் போவுமேன்னு பயம் இருந்தாத்தாம்மா பசங்க ஓடி வருவானுங்க. எழுது, ஒரு ராத்திரி!"

"அப்படி எழுத முடியாது தாத்தா."

"இன்னா முடியாது? கஸ்டமர் வாக்குதான் வேத வாக்குன்னு வந்ததுல இருந்து நீதான சொல்லிக்கினு கீற?"

"ஆமா. ஆனா நீங்க கஸ்டமர் இல்லியே."

"பின்ன நான் யாரு?"

"உள்ள படுக்கறவரு யூசர் தாத்தா. காசு குடுக்கறவருதான் கஸ்டமர்."

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலமெல்லாம் கரும்பு வெட்டினது இவர், விலை சொன்னது ஃபேக்டரிக்காரன். செத்த பிறகும் அதே கதைதான் போலிருக்கிறது.

"சரி, என் பெட்டிக்குக் காசு குடுக்கப் போற மவராசன் யாரு? அதையாவது சொல்லு."

பிரியங்கா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். தயங்கினாள்.

"சொல்லக் கூடாதுன்னாங்க தாத்தா. குவைத்துல இருந்து பேசினாரு. மொத புக்கிங்கே அவருதுதான். உங்க பேரு, வீட்டு அடையாளம் எல்லாம் அவருதான் குடுத்தாரு. பெட்டி பதினஞ்சு நாளாவது தாங்கணுமாம். 'காரியத்துக்குக் கண்டிப்பா வருவேன், தேதிதான் என் கையில இல்ல'ன்னாரு... உங்ககிட்டயும் போன்ல சொல்லிட்டதாச் சொன்னாரே!"