மேனேஜருக்கு வாங்கிய இனிப்பு

கனஸாவா ரயில் நிலையத்து இனிப்புக்கடை வரிசையில் ஷிகெயோ பொறுமையாக நிற்கிறான். மூன்று நாள் லீவு எடுத்த குற்றத்துக்கு அலுவலக வழக்கப்படி போன ஊரிலிருந்து ஆளுக்கொரு இனிப்பு வாங்கி வைத்தாக வேண்டும். கண்ணாடிக்கு வெளியே செர்ரிப் பூக்களின்மேல் வெயில் மஞ்சளாகச் சரிகிறது; அவர்கள் பூப் பார்க்க வந்த பூங்காவை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அடுத்த வாரம் வேலைக்காக வெளியூர் போய்விடப்போகும் மகள் மியோரி கடிகாரத்தையே பார்க்கிறாள். "கியோத்தோவுலயும் கடை, இங்கயும் கடை. ஊர் பாக்க வந்தோமா, உங்க மேனேஜருக்குப் பலகாரம் வாங்க வந்தோமா?" மனைவி சிசுருவின் குரலுக்கு வரிசையே திரும்பிப் பார்க்கிறது. "மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க." "பாக்கட்டும். எங்களைப் பூவைத்தான் பாக்க விடல, அவங்க என்னையாவது பாக்கட்டும்." அவன் கைப்பையிலிருந்து கியோத்தோவில் வாங்கிய இனிப்புப் பெட்டியைப் பிடுங்கி, மடிப்புக் கலையாத தாளைச் சரக்கென்று கிழிக்கிறாள். ஒன்றை மகளிடம் நீட்டி, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அவனை வரிசையிலேயே விட்டுவிட்டு மகளோடு வெயிலுக்குள் நடக்கிறாள்.