டாக்டர் கேட்காத ஓட்டு

ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்கக்கூடியவற்றிலேயே கேவலமானது ஓட்டு. கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே இதை நான் கண்டுபிடித்துவிட்டேன். மனிதகுலம் இன்னும் வந்து சேரவில்லை.

தண்ணீர் கேட்பவனுக்குத் தாகம் இருக்கிறது. வழி கேட்பவனுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. ஓட்டுக் கேட்பவனுக்குப் பல் மட்டும்தான் இருக்கிறது.

கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் இதை எழுதியபோது பலத்த வரவேற்பு. அடுத்த வாரமே என் அம்மா கவுன்சிலர் தேர்தலில் நின்றுவிட்டாள்.

அம்மா இந்த வார்டின் டாக்டர். மருந்துப் பையோடு வீடு வீடாகப் போகிற ரகம். ஒவ்வொரு மழைக்கும் அதே தெருக்களில் அதே வயிற்றுப்போக்கு. காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள்: குடிநீர்க் குழாய் ஓர் இடத்தில் சாக்கடையில் குளித்துவிட்டு வருகிறது.

நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். தண்ணீர் சுத்தம்தான், மக்களுக்குத்தான் வயிறு சரியில்லை என்றார் நடப்புக் கவுன்சிலர்.

"வயித்துக்கு மருந்து எழுதினது போதும். குழாய்க்கு எழுதணும்னா அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் முடியும்," என்றாள் அம்மா.

இன்று மாலையோடு பிரச்சாரம் ஓய்கிறது. பாதி வார்டு பாக்கி. அம்மா முன்னால், பிரச்சாரத்தைக் கவனித்துக்கொள்ளும் மாமா நடுவில், துண்டுப் பிரசுரக் கட்டோடு நான் பின்னால். கட்டைச் சுமப்பேன், வாய் திறக்க மாட்டேன் என்பது என் நிபந்தனை.

சிக்கல் என்னவென்றால், அம்மாவும் திறக்கவில்லை.

கதவு திறந்ததுமே அவள் கை நாடிக்குப் போய்விடும். வீங்கிய காலை அழுத்திப் பார்ப்பாள், இருமலைக் கேட்பாள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வாள், அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

"அக்கா, நீ ஓட்டுக் கேக்க வந்தியா, பத்தியம் சொல்ல வந்தியா?"

"நாளைக்கு எங்கிட்ட ஊசி போட்டுக்க வர்றவங்கடா. இன்னிக்கு நான் கேட்டா முடியாதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? என் பேஷன்ட்டுகிட்ட நான் கேக்க மாட்டேன்."

வார்டில் அவளுடைய பேஷன்ட் அல்லாதவர் யாரென்று மாமா யோசித்தார். தபால்காரர் நினைவுக்கு வந்தார். அவருக்கு வேறு வார்டில் ஓட்டு.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மா தோற்றால் நல்ல கட்டுரை கிடைக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போனோம். உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சட்டென்று அழுகை நின்றது.

அம்மாவும் நின்றாள்.

"அக்கா, அந்த வீடு வேணாம்."

"அழுகை நின்ன விதம் சரியில்லடா."

கதவைத் திறந்தவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

அவருடைய பேத்தி. கண் உள்ளே போயிருந்தது. அம்மா வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டாள். அது அவசரமே இல்லாமல் படிந்தது; உடம்பில் நீர் வற்றியிருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உப்புக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டத் தொடங்கினாள்.

"என்ன தண்ணி குடிக்கிறா?"

"குழாய்த் தண்ணிதான், டாக்டர்."

அம்மா தலையை ஆட்டினாள். அடுத்த ஸ்பூனை நிரப்பினாள்.

வெளியே மாமா கைக்கடிகாரத்தையும் மிச்சத் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாசற்படியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன்.

குழந்தை ஒரு வாய் விழுங்கியது. வாந்தி வரவில்லை. இன்னொரு வாய்.

குழந்தையின் தாத்தா வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். அவருக்கென்றே சேர்த்துவைத்த கிண்டல்கள் என்னிடம் ஏராளம். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினேன்.

"சார், உங்க ஓட்டை எங்கம்மாவுக்குப் போடுங்க."

கெஞ்சுவது போல இருந்தது. கெஞ்சினேன்தான்.

நடப்புக் கவுன்சிலர் என்னைப் பார்த்தார். ஓட்டுக் கேட்டுக் கேட்டே பழகிய மனிதர். அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு உள்ளே அம்மாவின் கை ஸ்பூனோடு போய் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.