முதுகு காட்டும் கோச்

கால்பந்தில் யார் பெனால்டி அடித்தாலும் கோச் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். அவர் மறைந்த பிறகு, அவரிடம் ஆடக் கற்று, பின்னர் கோச்களான இருவரும் அதையே செய்தார்கள். நாளை இறுதிப் போட்டியில் இருவர் அணிகளும் மோதுகின்றன.

"பசங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை" என்றார் மூத்தவர்.

"போங்கண்ணே! முடிவு நம்ம கையில இல்லைங்கிற தத்துவம் அது. நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் இளையவர்.

கோச்சின் மனைவி சிரித்தார். "நம்பிக்கையாவது, தத்துவமாவது! அந்த மனுஷனுக்குப் பயம்டா. கேலரியில என் முகத்தைப் பார்த்துத்தான் கோலா இல்லையான்னு தெரிஞ்சுக்குவார்."

"நாளைக்கு வருவீங்கல்ல? யார் பக்கம்?"

"ரெண்டும் என் பிள்ளைங்க. எந்தப் பக்கம்னு உட்காருவேன்?"

மறுநாள், கடைசி நிமிடத்தில் பெனால்டி. இருவரும் ஒன்றாகத் திரும்பிக் கேலரியைப் பார்த்தார்கள்.

அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.