மாடிப்படியில் பஜனை

"பாட்டை நிப்பாட்டுங்கோ சாமி!"

கனகசபை கத்திய கத்தலில் அவருக்கே தொண்டை கமறியது. மாடிப்படியின் உச்சியில் சம்மணம் போட்டிருந்த சாமி காதில் வாங்கவில்லை. கைத்தாளத்தைத் தட்டியபடி, "முருகா... முருகா..." என்று அடிவயிற்றிலிருந்து பாடிக்கொண்டே இருந்தார்.

எழுபத்தொன்றாம் ஆண்டு பிறந்த முதல் வாரம். பேய் மழை. கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் ஏறி, மடத்தின் கீழ்க் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. கூடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்து விடுதி மூழ்கப்போகிறதென்று காலையில் சாமிதான் போய் அவர்களைக் கூட்டிவந்து வைத்திருந்தார்.

சாமி என்றால் பழுத்த சாமி இல்லை. போன வாரம்தான் பட்டமேற்று மடத்துக்குத் தலைவரானவர். எந்நேரமும் பூஜையறையே கதியென்று கிடக்கிறார் எனப் புகார் போக, புத்தி சொல்வதற்காகக் கிள்ளான் நகரிலிருந்து வந்திருந்தார் கனகசபை. தலைமை மடத்தின் நிர்வாகி, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். புத்தி சொல்ல ஆள் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

நனைந்த குடையோடு நேரே மாடிக்கு ஏறியவர், வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"கும்பிடுறது பாதி, வேலை பாதி. அப்பிடி இருந்தாத்தான் மடம் நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தா ஆர் பாக்கிறது?"

"சரிங்கய்யா. பழகிக்கிறேன்" என்றார் சாமி, தலையைக் குனிந்துகொண்டு.

நல்லாத்தான் பழகிக்கொண்டார்! இப்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல். அந்தி நேரம்தான், அதற்குள் மை இருட்டு. கரண்டு போனபோது ஒரு பிள்ளைகூட வீலென்று கத்தவில்லை. நல்ல வளர்ப்பு என்று அந்தப் பதற்றத்திலும் நினைத்துக்கொண்டே கனகசபை டார்ச் லைட்டோடு கீழே இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

முன்னால் போகும் பிள்ளையின் தோளைப் பின்னால் வரும் பிள்ளை பிடித்திருக்க, வரிசை தண்ணீரில் மெல்ல மெல்லப் படியை நோக்கி நகர்ந்தது. கடைசியில் சமையல்கார இராஜம்மா, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, பின்கதவு தாங்காது போலருக்கே! பிச்சுக்கிச்சுன்னா அத்தனையும் வாரிக்கிட்டுப் போயிடுமே!" என்று அலறினாள்.

கனகசபை டார்ச்சை மாடிப்படியின் உச்சிக்குத் திருப்பினார்.

"சாமி! பிள்ளையள் சாகப்போகுதுகள், இப்ப பஜனை தேவையோ? இறங்கி வந்து தூக்குங்கோ!"

சாமி கண்ணைத் திறந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஐயா, நான் நிறுத்திட்டா அதுங்க..."

"கதைக்காதேங்கோ! இறங்குங்கோ எண்டு சொல்லுறன்!"

தலைமை மடத்துப் பெரியவர். இவரோ பட்டமேற்று ஒரு வாரமே ஆனவர். சாமி தாளத்தை வைத்துவிட்டுத் தடதடவென்று இறங்கினார். பாட்டு நின்றது.

வரிசையும் நின்றது.

தண்ணீரின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. அதே நேரம் பின்கதவு படாரென்று பிய்த்துக்கொண்டது. வெள்ளம் சுழித்துக்கொண்டு உள்ளே பாய, தோளைப் பிடித்திருந்த கைகள் விட்டுப்போயின. ஒருவன் சுவரில் போய் முட்டினான். இன்னொருவன் தூணைக் கட்டிக்கொண்டான். சாமி தண்ணீரில் குதித்து, சரிந்து விழுந்த ஒன்றை அள்ளினார்.

இரட்டைச் சடை போட்ட ஒருத்தி மட்டும் திரும்பி, நேரே அந்தப் பின்கதவை நோக்கி நடந்தாள்.

"அடியே, போகாதடி! ஐயா, பிடிங்கய்யா!" இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு இராஜம்மா கதறினாள்.

கனகசபை எப்படிப் பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலுக்கு ஒரு சாண் இருக்கும்போது அந்தப் பெண்ணின் கையை எட்டிப் பிடித்துவிட்டார். பயம் அப்படியே கோபமாக மாறியது.

"விசர் பிள்ளை! ஆத்துக்குள்ளயே போறாய்?" டார்ச்சைப் படிக்கட்டின் பக்கம் திருப்பி அடித்தார். "எல்லாரும் அங்க பாருங்கோ, படி தெரியுதுதானே! அந்த வெளிச்சத்தைப் பாத்து நடவுங்கோ!"

ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் குரலில் அந்தப் பெண் சொன்னாள்:

"வெளிச்சமெல்லாம் எங்களுக்குத் தெரியாது அங்கிள். சாமியப் பாடச் சொல்லுங்க!"