முந்திக்கொண்டு வந்த பதில்

சிரிப்பு மூட்டும் கதைதான், நம்புங்கள். ஆனால் அதற்குள் சிரித்துவிடாதீர்கள், முதலில் ஒரு விமானத்தைக் காணோம்.

நாரை என்ற அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல்மேல் போனபோது, நடுவழியில் அதன் ரேடியோ செத்துப்போனது. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வான்மணி மட்டும், அந்த ரேடியோ இல்லாத வேறொரு தனிக் கருவி வழியாக மணிக்கொரு தரம், "நாரை, இருக்கியாடி?" என்று கூப்பிடுவாள். "இருக்கேன்க்கா" என்று பதில் வரும். இந்தத் தடவை வரவில்லை. வான்மணி உடனே தரைநிலையத்துக்குத் தகவல் சொன்னாள்; மீட்புக் கப்பல் ஒன்று கிளம்பியது. மறுபடி கூப்பிட்டாள்.

"இருக்கேன்க்கா."

அப்பாடா என்றிருந்தது. "அவ பேசிட்டா, தேட வேண்டாம்" என்று தரைநிலையத்துக்குச் சொன்னாள். கிளம்பிய மீட்புக் கப்பல் நங்கூரத்தைத் திரும்ப இறக்கியது.

பக்கத்தில் மிதந்த குட்டிக்கோள் குண்டூசி ஏனோ சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக்காட்டுகிற பயல் அவன்.

வான்மணிக்கு மனசு ஆறவில்லை. "நாரை, இருக்கி..."

"இருக்கேன்க்கா."

வான்மணி உறைந்துபோனாள். நாரையின் பதில் அவ்வளவு தூரம் ஏறி வரவேண்டும், அதனால் என்றைக்கும் சற்றுத் தாமதித்துத்தான் வரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் நாரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று வான்மணி கணக்குப் போடுவாள். இதுவோ கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.

"குண்டூசி," என்றாள் மெதுவாக. "அவ கடைசியா நெசமா பேசினது எவ்வளவு தூரத்துலன்னு எனக்குத் தெரியும். அங்க கப்பலை அனுப்பச் சொல்றேன். நீ இனிமே அவ குரல்ல மூச்சு விடாத. ஒருவேளை அவளே கூப்பிட்டா, நான் நம்பணும்."