கடலுக்கு முதுகு

கடலோரச் சாலையில் எத்தனை முறை போனாலும் அப்பா விடுதியில் சாலைப் பக்க அறைதான் எடுப்பார். கார் கண்ணில் பட வேண்டும். “ஒரு தடவையாவது கடல் பக்கம் எடுங்களேன்” என்று அம்மா கெஞ்சுவாள். “தூங்கத்தானே வந்தோம், கடல் எதுக்கு?” என்பார்.

அம்மா இறந்துபோன பிறகு, இந்த முறை நான் பிடிவாதமாகக் கடல் பக்கம் எடுத்தேன். பால்கனியில் கடலைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டேன், அம்மாவுக்காக. முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அது கடலுக்கு முதுகைக் காட்டி, கட்டிலில் படுத்திருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

திருப்பி வைத்தேன். மறுபடியும் திரும்பியிருந்தது.

அப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

“தூங்கத்தானே வந்தோம், தூங்க விடேன்” என்று கெஞ்சினார். என்னிடம் அல்ல.