அடுப்படிப் பக்கம் வராதீங்க

"அம்மா வெளியே வரமாட்டாங்க. என்ன வேணுமோ என்கிட்ட சொல்லுங்க" என்றாள் நசோலோ.

கத்தெண்டேவுக்கு ஒன்றும் புரியவில்லை. மசாகா பஸ் நிலையத்தில் பைக் டாக்சி ஓட்டும் அவனுக்கு இரண்டு வருஷமாக மதியச் சாப்பாடு இந்தக் கடையில்தான். நசோலோவின் அம்மா நமுதெபிதான் ஆவி பறக்கும் வாழையிலையை விலக்கி, வெந்து குழைந்த வாழைக்காய் மசியலான மட்டோக்கேயை அவன் தட்டில் அள்ளி வைப்பாள். "ஒரு குலைக் காயையும் நீயே முடிச்சிடுவே போலிருக்கே" என்று கேலி வேறு செய்வாள்.

இன்று அவன் சாப்பிட வரவில்லை. நசோலோவைப் பெண் கேட்டுப் பெரியவர்களை எப்போது அழைத்து வரலாம் என்று அம்மாவின் மனசை அறியத்தான், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தான். அம்மா சம்மதித்தால்தான் கல்யாணம் என்று நசோலோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மெல்ல அடுப்படியை எட்டிப் பார்த்தான். பச்சை வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்த நமுதெபி, அவனைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு, மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடியே போனாள். காய் வியாபாரிகளையே அகப்பையைத் தூக்கி விரட்டுகிறவள் அவள்.

"அடுப்படிப் பக்கம் வராதீங்க" என்று நசோலோ அவனை இழுத்து வந்து உட்கார வைத்தாள். பிரிக்காத முழு இலைப் பொட்டலமாக மட்டோக்கே வந்தது. கூடவே கோழி.

"நான் கோழி கேக்கலையே?"

"அம்மா குடுக்கச் சொன்னாங்க."

மூஞ்சியில் முழிக்கப் பிடிக்காதவனுக்கு யாராவது கோழி கொடுப்பார்களா?

அடுப்படிச் சுவரைப் பார்த்து, "அம்மா, நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றான். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து பைக் சாவியை எடுத்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க? நேத்தே நான் அம்மாகிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லிட்டேன்."

"அதான் பார்த்தேனே. நிக்கக்கூடப் பிடிக்காம ஓடுறாங்க."

நசோலோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க நம்ம ஜனம்தானா? மாப்பிள்ளை முன்னாடி எந்த மாமியார் வந்து நிப்பா?"